டாக்டரின் கெண்டைக்காலும் ஸ்டீபனின் தொடையும்

பெங்களூர் வைட்ஃபீல்டில் பிசியோதெரபி கிளினிக் நடத்தும் நிவேதா, என்னிடம் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள். போன மாதம் போன் செய்தாள். நகரத்து பிசியோதெரபிஸ்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம் போடுகிறார்களாம். நான் வந்து பேச வேண்டுமாம். தலைப்பு என்ன என்று கேட்டேன்.

"வீக்கம்: நண்பனா, எதிரியா? இதுதான் மேடம்."

"பட்டிமன்றமா? நடுவர் யாரு?"

சிரித்துவிட்டு விளக்கம் சொன்னாள். "இப்ப யாரும் ஐஸ் வைக்கிறதில்ல மேடம். வலி மாத்திரையும் கூடாதுங்கறாங்க. அடிபட்ட தசைய வீக்கம்தான் குணப்படுத்துதாம். புதுசா கண்டுபிடிச்சிருக்காங்க."

புதுசாவாம்! சில வருடங்களுக்கு முன் இதே நிவேதா தன் கிளினிக்கில் ஐஸ் தொட்டி வாங்கிப் போட்டு, ஐ.டி. கம்பெனிக்காரர்களைக் கழுத்து வரை அதில் உட்கார வைத்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களில் பாதிப் பேருக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிடித்த முதுகைத் தவிர உடம்பில் ஒரு காயமும் கிடையாது. அந்தத் தொட்டியில் இப்போது கலர் மீன் விட்டிருக்கிறாயா என்று கேட்டேன். "வித்துட்டேன் மேடம்" என்றாள். யார் தலையில் கட்டினாளோ தெரியாது.

கூட்டத்துக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். மல்லேஸ்வரத்திலிருந்து வைட்ஃபீல்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் கிழிந்த தசை ஒன்று ஆறியே விடும். ஆனால் போனை வைத்த பிறகு எரிச்சல் அடங்கவில்லை. நேற்று வரை ஐஸ், இன்று வீக்கம், நாளைக்கு வேறு எதுவோ. ஒருவராவது நோயாளியின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறார்களா? அந்த எரிச்சலில் எழுதுகிறேன்.

நான் படித்த கதையைச் சொல்லி யாரையும் சோதிக்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி, விடுதிச் சாம்பார், ஃபார்மலின் வாசனை, அவ்வளவுதான். அங்கே நோய்க்குறியியல் எடுத்த பேராசிரியை மட்டும் உருப்படியாக ஒரு காரியம் செய்தார். கிழிந்த தசையை வெவ்வேறு கட்டங்களில் எடுத்துச் செய்த கண்ணாடித் தகடுகளை வரிசையாக வைத்து, மைக்ராஸ்கோப்பில் பாருங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

முதல் தகட்டில் ஒரே களேபரம். அறுந்த நார்கள், கசிந்த ரத்தம், நடுவே வந்து குவிந்த வெள்ளை அணுக்கள். அடுத்ததில் அந்த அணுக்கள் செத்த நாரைத் தின்றுகொண்டிருந்தன. அதற்கும் அடுத்ததில் குப்பை பெரும்பாலும் காலி. நாரின் ஓரத்தில் அதுவரை தூங்கிக் கிடந்த சின்னச் செல்கள் விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று ஒட்டிப் புது நாராக மாறிக்கொண்டிருந்தன.

இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட வேண்டுமானால் முதலில் இடிபாட்டை அள்ளும் லாரி வர வேண்டும், பிறகுதான் கொத்தனார். லாரி வந்தால் தெரு அடைபடும், சத்தமும் தூசியுமாக இருக்கும். காயத்தில் அதைத்தான் வீக்கம், சூடு, சிவப்பு, வலி என்கிறோம். இங்கே கொத்தனாரைக் கூப்பிட்டு அனுப்புவதே அந்த லாரிக்காரர்தான். தெரு அடைபடுகிறதே என்று அவரை விரட்டிவிட்டால் கொத்தனாரும் சரியாக வர மாட்டார். யாரோ ஒருவர் வந்து வெறும் சிமென்டைப் பூசிவிட்டுப் போவார். அதற்குப் பெயர் தழும்பு. தழும்பு தசையைப் போலச் சுருங்கி விரியாது. தசை மறுபடி கிழிவது பெரும்பாலும் அதன் ஓரத்தில்தான். அதே சமயம் வேலை முடிந்த பிறகும் லாரி நகராமல் நின்றால் அதுவும் கெடுதிதான், அப்போதும் தழும்பு தடிக்கும். நிவேதாவின் கூட்டத்தார் மறக்கிற பாதி இது. வீக்கம் நண்பனும் இல்லை, எதிரியும் இல்லை. வேலைக்கு வந்த ஆள். வந்தால் வேலை செய்ய விட வேண்டும், முடிந்தால் அனுப்பி வைக்க வேண்டும்.

1991இல் பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையின் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் இங்கே பெரிய தொழிற்சாலைகளுக்குச் சொந்தமாகக் கால்பந்து டீம் இருக்கும். நன்றாக ஆடுகிற பையன்களை டிரெயினி என்ற பெயரில் எடுத்துக்கொள்வார்கள். காலையில் மிஷின் பக்கம் தலை காட்டிவிட்டு மத்தியானம் மைதானத்துக்குப் போய்விடலாம். சீசன் முழுக்க ஆடி, முடிவில் மருத்துவப் பரிசோதனையிலும் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் தலைமை மருத்துவ அதிகாரி டாக்டர் ரங்கநாத். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் தங்க மூடி போட்ட பேனா. பரிசோதிக்கும்போது நோயாளியை அவர் கையால் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தப் பேனா மூடியால் குத்தி, "இங்கயா? இல்ல, இங்கயா?" என்பார். நோயாளி "ஆ" என்று கத்தினால் பரிசோதனை முடிந்தது. கன்னடக்காரர், தமிழ் நோயாளிகளிடம் பேசிப் பேசியே நல்ல தமிழ் கற்றுக்கொண்டவர். அதில் கன்னடத்தைத் தூவிப் பேசுவார். கோபமே வராது. எதிராக யாராவது பேசினால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். பேசுகிறவருக்குத் தானாகவே வாய் அடைத்துவிடும்.

அவருடைய வைத்தியம் ஒரே வைத்தியம். "வீக்கம்கறது உடம்போட முட்டாள்தனம், விமலா. உடம்புக்கு பயம் ஜாஸ்தி. நாம அத நிறுத்திடணும், ஆய்த்து, முடிஞ்சுது." நிறுத்துவதற்கு அவரிடம் இரண்டு ஊசிகள் இருந்தன. சாதாரண அடிக்கு இடுப்பில் போடும் வலி ஊசி. பெரிய அடிக்கு, அடிபட்ட இடத்திலேயே இறக்கும் ஸ்டீராய்டு.

மேட்ச் நாளில் டிரெஸ்ஸிங் ரூமைப் பார்த்தால் கோயிலில் பிரசாதத்துக்கு நிற்பதைப் போல இருக்கும். ஒரு மேஜையில் எவர்சில்வர் தட்டு, மருந்துக் குப்பிகள், ஸ்பிரிட் பஞ்சு. எதிரே டீமே வரிசையில் நிற்கும். ஒருவர் பின் ஒருவராக வந்து மேஜையைப் பிடித்துக் குனிந்து நிற்க வேண்டும். டாக்டர் ஊசியை ஏற்றிக்கொண்டே முந்தின நாள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவார், முதுகில் ஒரு தட்டு தட்டி "ஹோகு, ஓடு" என்பார். வரிசையில் பாதிப் பேருக்கு எந்த அடியும் இருக்காது. கோல்கீப்பர் ஒருவர் வருடம் முழுவதும் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டேன். ஒரு தடவை ஊசி போடாமல் போனபோது நான்கு கோல் விட்டுவிட்டாராம். மருத்துவம் என்ற பெயரில் நடந்த அந்த மூடநம்பிக்கைக்குப் படித்த டாக்டர் ஒருவர் பூசாரியாக இருந்தார். தொழிற்சாலையே கைகூப்பி நின்றது.

நான் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. சேர்ந்த வருடமே அவரிடம் சண்டை போட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வருடமும் போட்டேன், அப்போதும் பார்த்தார். என்னைக் கால்பந்து டீம் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லி, இடுப்பு வலிக்காரர்களிடம் தள்ளிவிட்டார். ஆனால் பையன்கள் பின்வாசல் வழியாக என்னிடம் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அப்படி வந்தவன்தான் ஸ்டீபன். லிங்கராஜபுரத்துப் பையன். அப்பா இல்லை. அம்மா லூர்து ஒரு கான்வென்ட் பள்ளியில் ஆயா. வலது ஓரத்தில் ஆடுவான். அவன் பந்தோடு ஓடுவதைப் பார்க்க, வேலை நேரத்தில் ஃபோர்மேன்களே மைதானத்துச் சுவரோரம் வந்து நிற்பார்கள். எனக்குக் கால்பந்து பிடிக்காது. இருந்தும் நானும் நின்றிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு சீசன். கடைசி மேட்சுகள் நெருங்கும் நேரம். அவனுடைய டிரெயினிக் காலமும் அந்த சீசனோடு முடிகிறது. பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்று பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறான், யாரோ தொடையில் உதைத்துவிட்டார்கள் என்று. பக்கத்தில் ஒருவரும் இல்லை.

நொண்டிக்கொண்டு வந்தவனைக் குப்புறப் படுக்க வைத்தேன். கணுக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தொடையின் பின்பக்கத்தைத் தளர்த்தினேன். எடுத்தவுடனே வலிக்கிற இடத்தில் கை வைக்கக் கூடாது. உட்காரும் எலும்பிலிருந்து ஆரம்பித்து, விரல் நுனியால் தசையின் ஓரமாகவே இறங்கி வர வேண்டும். பாதித் தொடைக்கு வந்தபோது நார்களுக்கு நடுவே என் விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. அவன் மூச்சைப் பிடித்தான். பள்ளத்தைச் சுற்றி வெதுவெதுப்பாக, மாவைப் பிசைந்து வைத்தாற்போல வீக்கம். அதன் எல்லையைத் தோலில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். குதிகாலில் என் உள்ளங்கையை வைத்து, "என் கைய எதிர்த்து மெதுவா மடக்கு" என்றேன். மடக்கினான், வலியோடுதான். ஆனால் மடக்கினான். முழுதாக அறுந்து போகவில்லை. பாதிக் கிழிசல்.

"ஸ்டீபன், இது நல்லா ஆறும். மொதல்ல இறுக்கிக் கட்டு போட்டுடலாம். வலிக்கு மட்டும் கொஞ்ச நேரம் ஐஸ். வீக்கத்தப் பாத்து பயப்படாத, அது வரணும். அது வடிய ஆரம்பிச்சதும் கால லேசா அசைக்க ஆரம்பிக்கலாம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எடை, அப்புறம் ஓட்டம். ஆனா ஊசி வேணாம்."

"எவ்ளோ நாளு மேடம்?"

"மூணு வாரம், நாலு வாரம். அவசரப்பட்டா ஜாஸ்தியாகும்."

அவன் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டான். பிறகு சொன்னான். "மூணு வாரம் கழிச்சு டீம் இருக்கும் மேடம். நான் இருக்க மாட்டேன். கடைசி மேட்ச் ஆடலன்னா கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்கன்னு ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி சொல்லிட்டாரு."

"காலு போயிட்டா மட்டும் கன்ஃபர்ம் பண்ணுவாங்களா?"

"டாக்டர் சார் ஒரு ஊசில சரியாயிடும்னு சொல்றாரு."

அடுத்த நாள் நான் ரங்கநாத்தின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டக்கூட இல்லை. ஸ்டீபன் ஏற்கெனவே மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். நான் போட்ட பேனாக் கோட்டுக்கு நட்டநடுவில் ஸ்டீராய்டும் மரத்துப்போகும் மருந்துமாக ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. வீக்கத்தின் எல்லையைப் பார்க்க நான் போட்ட கோடு. அதையே குறி பார்க்கப் பயன்படுத்திக்கொண்டார் அந்த மனிதர்.

"சார், கிழிசல் புதுசு. இப்பதான் க்ளீன் பண்ற வேலை ஆரம்பிச்சிருக்கு. நீங்க அத நிறுத்தறீங்க."

"சும்னிரம்மா, சும்மா இரு" என்று கடிகாரத்தைப் பார்த்தார். "பையன் வேலைய காப்பாத்தறேன். நீ அவன் வயித்துல அடிக்காத."

ஊசி வேலை செய்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். வீக்கம் வடிந்தது, வலி போனது, ஸ்டீபன் மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டி வந்து என்னிடம் காலைக் காட்டினான். தொட்டுப் பார்த்தேன். பள்ளம் அப்படியே இருந்தது. வலிதான் இல்லை. காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு வீடு பத்திரமாக இருக்கிறது என்றார்கள். ஸ்டீபன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில், ஒன்றும் தெரியாத பொம்பளை என்ற அர்த்தம் இருந்தது. பரவாயில்லை. சந்தோஷமாக இருந்த பையனிடம் என்ன வாதாடுவது?

கடைசி மேட்சில் முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டான். மைதானம் எழுந்து ஆடியது. டாக்டர் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். இரண்டாம் பாதியில் நீளப் பந்து ஒன்றைத் துரத்திப் போனவன், கால் நீட்டிய இடத்தில் அப்படியே முகம் குப்புற விழுந்தான். அவன் போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. ஓடிப்போய்த் தொடையைத் தொட்டேன். பள்ளம் இருந்த இடத்தில் என் மூன்று விரல் உள்ளே போனது. அறுந்த தசை மேலே சுருண்டு எலுமிச்சம்பழம் போல உருண்டு நின்றது.

மேட்சை நாங்கள் ஜெயித்தோம். இனிப்பு கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று வந்தது, வாங்கவில்லை.

ஸ்டீபன் படுத்துக் கிடந்த நாட்களில்தான் இன்னொரு சம்பவம் நடந்தது. எங்கள் ஆபீசர்ஸ் கிளப்பில் சாயங்காலம் பேட்மிண்டன் ஆடுவார்கள். டாக்டர் ரங்கநாத்துக்கு ஜோடி, ஆள் எடுப்பதையும் நிறுத்துவதையும் முடிவு செய்கிற பர்சனெல் மேனேஜர் குல்கர்ணி. டாக்டர் ஒரு பந்தை எடுக்க முன்னால் பாய்ந்தவர், சட்டென்று திரும்பிக் குல்கர்ணியைப் பார்த்துக் கத்தியிருக்கிறார், "எதுக்கு மட்டையால என் கால்ல அடிக்கிற?" என்று. பாவம், குல்கர்ணி கோர்ட்டின் மறு மூலையில் நின்றிருந்தார். கெண்டைக்கால் தசை கிழிந்தால் அப்படித்தான். யாரோ பின்னாலிருந்து அடித்த மாதிரியே இருக்கும். இது டாக்டருக்குத் தெரியாதா? தெரியும். தன் கால் என்று வந்தபோது மறந்துவிட்டது.

என்னைத் தன் குவார்ட்டர்ஸுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். ஹாலில் சோபாவில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். சட்டை மடிப்பு கலைந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

"ஊசி ரெடி பண்ணச் சொல்லட்டுமா சார்?" என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"பேடா" என்றார். கன்னடத்தில் 'வேண்டாம்'. அவர் ஊசி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வலி மாத்திரை?"

"அதுவும் பேடாம்மா. தாங்கிக்கறேன்." பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, வகுப்பு எடுக்கிற குரலில் சொன்னார். "மொதல்ல வர்ற செல்லெல்லாம் செத்ததத் தின்னட்டும், விமலா. அதுங்கதான் அடுத்த கும்பலக் கூப்பிடும். இப்ப கைய வெச்சா தழும்புதான் மிஞ்சும். இந்த வயசுல எனக்கு ரெண்டாவது தடவ கிழிஞ்சா கஷ்டம். நீ உன் முறையிலயே பண்ணு."

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். இத்தனை வருடமும் அந்த மனிதருக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். பழைய புத்தகத்தைப் படித்தவர், திருத்த முடியாதவர், மடையர் என்றெல்லாம் வீட்டில் வைத்துத் திட்டியிருக்கிறேன். மடையராக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். என் பேராசிரியை தகட்டில் காட்டியதை, என்னைவிட அழகாக, ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். எல்லாம் தெரிந்துதான் அந்தப் பையன் காலில் ஊசியை இறக்கியிருக்கிறார். எனக்கு அன்று வந்தது கோபம் என்று சொன்னால் போதாது. அருவருப்பு.

ஆனாலும் வைத்தியத்தில் குறை வைக்கவில்லை. பாதத்திலிருந்து முழங்கால் வரை கட்டுப் போட்டேன், கீழே இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும். செருப்புக்குள் குதிகால் உயரமாக இருக்க அட்டை வெட்டி வைத்தேன், தசை இழுபடாமல் இருக்க. வலியால் தூக்கம் வராதபோது மட்டும் துணியில் சுற்றிய ஐஸ், தோல் மரத்துப்போகும் முன்னால் எடுத்துவிட வேண்டும். வீக்கத்தைத் தேய்க்க அவர் மைத்துனர் ஒரு மூலிகைத் தைலத்தோடு வந்தார், வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். வீக்கத்தின் கெட்டி குறைந்து, தோலில் நீலம் கணுக்காலுக்கு இறங்கி மஞ்சளானதும், பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசைக்க வைத்தேன். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது. கடைசியாகப் படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. புது நார்கள் எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்று கற்றுக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். ஒரு கட்டத்தையும் தாண்டவில்லை. லீவுக்கு மேல் லீவு போட்டுக்கொண்டு சொன்னதையெல்லாம் செய்தார். அவ்வளவு ஒழுங்கான நோயாளியை என் சர்வீசில் நான் பார்த்ததில்லை.

ஸ்டீபனின் கன்ஃபர்மேஷன் கூட்டம் வந்தபோது டாக்டர் கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தார். குல்கர்ணியின் அறை. அவர், ஸ்போர்ட்ஸ் செக்ரட்டரி, டாக்டர், நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. பையனுக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்று சொல்லி நானே போய் உட்கார்ந்துகொண்டேன். வெளியே வராந்தாவில் ஸ்டீபனும் அவன் அம்மாவும். பேச்சு கன்னடத்திலும் இங்கிலீஷிலும் நடந்தது, தமிழில் சொல்கிறேன்.

டாக்டர் ஆரம்பித்தார். "பையனுக்குப் பழைய காயம் இருந்திருக்கு. சரியா ஆறாம ஓடியிருக்கான். இப்ப மெடிக்கலா அன்ஃபிட். ரூல்படி கன்ஃபர்ம் பண்ண முடியாது."

செக்ரட்டரி மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோல் போட்டபோது அந்த ஆள்தான் ஸ்டீபனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்.

"சார், உங்க கால் இப்ப எப்படி இருக்கு?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"ஏன்? நல்லாருக்கு."

"உங்களுக்கு என்ன வைத்தியம் பண்ணோம்னு இங்க சொல்லலாமா சார்? நீங்க சரின்னா மட்டும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" கடிகாரத்தைப் பார்த்தார். இந்தத் தடவை என் வாய் அடைக்கவில்லை.

"ரெண்டும் தசைக் கிழிசல்தான் சார். எத்தன ஊசி போட்டுக்கிட்டீங்க?"

குல்கர்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். மட்டையால் அடித்ததாகப் பழி சுமந்தவர் இல்லையா? "ஆமா டாக்டர், நானும் கேக்கணும்னே இருந்தேன். உங்க கைல மேஜிக் ஊசி இருக்கு, மறுநாளே கோர்ட்டுக்கு வந்துடுவீங்கன்னு பாத்தேன். ஆளையே காணோம்."

"எனக்கு மேட்ச் இல்லையே, குல்கர்ணி" என்றார் டாக்டர். இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறதே என்ற அலுப்போடு சொன்னார்.

குல்கர்ணிக்குத் தசையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இருபது வருடம் யூனியன்காரர்களோடு உட்கார்ந்து பேசியவர். வாய் தவறி வந்த வார்த்தையை விடவே மாட்டார்.

"அப்போ அந்த ஊசி காலுக்கு இல்ல. மேட்சுக்கு."

டாக்டர் தடியின் பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மேட்ச் யாரோடது டாக்டர்? அவங்க அம்மாவோடதா? நம்மளோடதுதானே?" குல்கர்ணி பேனாவைத் திறந்தார். "மிஷின்ல அடிபட்டவன வீட்டுக்கு அனுப்பறதில்ல நாம. ஸ்டோர்ஸ்ல ஒரு எடம் இருக்கு. அங்க போடறேன்."

டாக்டர் மறுக்கவில்லை. எழுந்தார், எனக்கு ஒரு தலையசைப்பு, குதிகாலைப் பதமாக ஊன்றி ஒழுங்காக நடந்து போனார். அந்தக் காலில் என் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அடுத்த சீசனிலும் டிரெஸ்ஸிங் ரூமில் அதே தட்டு, அதே வரிசை. கோல்கீப்பர் முதல் ஆளாக நின்றார். எதுவும் மாறியதாக யாரும் கதை கட்ட வேண்டாம்.

நான் வராந்தாவுக்கு வந்தேன். லூர்து எழுந்து நின்றார். கையில் ஜெபமாலை.

"வேலை நிரந்தரம். ஸ்டோர்ஸ்ல" என்றேன்.

அந்த அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மாதா உங்கள நல்லா வெச்சிருக்கணும்மா. டேய், மேடத்துக்கு நன்றி சொல்லுடா."

ஸ்டீபன் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். "அடுத்த சீசனுக்குள்ள ரெடியாயிடுவேனா மேடம்?"

காலையில்தான் தொட்டுப் பார்த்திருந்தேன். பள்ளத்தை நிரப்பியிருந்தது தசை இல்லை, கயிறு மாதிரியான தழும்பு. இந்த விஷயத்தில் சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

"நடக்கலாம், மெதுவா ஓடலாம். மேட்ச் ஆட முடியாதுப்பா."

"பஸ்ஸப் புடிக்க ஓடுனா போதும்" என்றார் லூர்து. "அதான் வேலை கெடச்சிடுச்சே. இன்னும் என்னா வேணும் உனக்கு?"

அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. மைதானம் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே யாரோ பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவு பேரையும் வாயாலேயே வறுத்தெடுத்த எனக்கு, அந்தப் பையன் முகத்தைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது. அவன் என் பக்கம் திரும்பி, அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"டாக்டர் சார்கிட்ட சொல்லி, ஒரு ஊசி போட்டா மேடம்?"